பேராச்சிக்குப் பதில் பூமாரி

2020 ஜூலை 6, திங்கள்

ஊரடங்குக்குப் பிறகு, நான் வரவேற்பில் வேலை பார்க்கும் பல் கிளினிக்கை மறுபடி திறந்து ஒரு வாரம் ஆகிறது. காலையில் போய்ப் பார்த்தால் வாசலில் ஆளே இல்லை. செருப்புதான் இருந்தது. இடைவெளி விட்டு நிற்பதற்காக நான் சுண்ணாம்பில் போட்டு வைத்த வட்டங்களில் ஆளுக்கு ஒரு ஜோடி. கடைசி வட்டத்தில் மட்டும் ஒரு காலி எண்ணெய் டப்பா, மேலே ஒரு கல்.

குழாயடியில் குடத்தை வைத்துவிட்டால் ஆள் நின்ற மாதிரி. தாராவியில் அது எழுதாத சட்டம். அதையே பல் டாக்டர் வாசலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். "உங்க நேரத்துக்கு மட்டும் வாங்க, முன்னாடியே வந்து கூட்டம் போடாதீங்க" என்று போனில் தொண்டை வற்றச் சொல்லியிருந்தேன். சொன்னபடி கூட்டம் போடவில்லை, செருப்பைப் போட்டிருக்கிறார்கள். குறை சொல்ல வழியில்லை!

டாக்டர் மெஹக் ஜன்னல் வழியே பார்த்து, "மாலதி, எந்தச் செருப்புக்குப் பல் வலி, முதலில் கூப்பிடு" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். இந்த ரோட்டில் மற்ற பல் கிளினிக் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டன. இந்தப் பெண் மட்டும் ஏசி போடாமல், அந்தப் பிளாஸ்டிக் அங்கிக்குள் வெந்துகொண்டு நிற்கிறது. அங்கியைக் கழற்றும்போது கையுறைக்குள்ளிருந்து வேர்வை தண்ணீராகக் கொட்டுகிறது. வயது முப்பதுதான். எனக்கு அந்தத் தைரியம் வராது.

ஜூலை 7

இன்று செருப்பும் இல்லை, நேரம் வாங்கியவர்கள் யாரும் வரவில்லை. வந்த ஒருவரும் பால் கடை திறந்திருக்கிறதா என்று கேட்கத்தான் வந்தார்.

ஜூலை 8, புதன்

ஏன் வரவில்லை என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டேன். கொரோனாவுக்குப் பயம் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. என் கையில் இருக்கும், நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கிக்குத்தான் பயம். பல்லில் சீழ் வைத்தாலும் காய்ச்சல் வரும். காய்ச்சல் என்று தெரிந்தால் நாங்கள் மாநகராட்சி வார்டு ஆபீசுக்குச் சொல்ல வேண்டும். டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதோடு விடுகிறார்களா? சந்து முனையில் மூங்கில் கட்டி மொத்தச் சந்தையும் அடைத்துவிடுவார்கள். ஒருத்தி பல்லைக் காட்டப் போய் சந்து முழுக்கப் பட்டினி கிடப்பதா என்று வீக்கத்தோடு வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள்.

மத்தியானம் பேராச்சி என்று ஒருத்தி பேசினாள். இட்லி அவித்து விற்கும் சந்தில் இருக்கிறவள். கடைவாய்ப் பல்லாம். பேச்சே குழறியது. "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லக்கா" என்றாள்.

நாளைக்குப் பதினொரு மணி கொடுத்திருக்கிறேன். வருவாளா?

ஜூலை 9, வியாழன்

இன்று நடந்ததை எழுதினால்தான் மனம் அடங்கும்.

பதினொரு மணிக்குச் சரியாக வந்தாள். முகத்தில் மாஸ்க், மேலே முந்தானை, கண் மட்டும் தெரிகிறது. துப்பாக்கியை வைத்தேன், காய்ச்சல் இல்லை. உள்ளே அனுப்பினேன். டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டி வலிக்கிறதா என்று கேட்கிறார். இவள் ஒரு பல்லுக்கு ஆமா என்கிறாள், அதையே திரும்பத் தட்டினால் இல்லை என்கிறாள். கடைசியில் என்னைப் பார்த்து, "யக்கா, எந்தப் பல்லுன்னு அவ சொல்லலியே" என்றாள்.

யாருடி அவ?

வந்தது பேராச்சி இல்லை, பக்கத்து வீட்டுப் பூமாரி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூஞ்சிய மூடிக்கிட்டா யாரு வேணாலும் வந்து உக்காந்திருவியளா, இது என்ன நாடகக் கொட்டகையான்னு கத்திட்டேன். அவள் நாற்காலியை விட்டு இறங்கவே இல்லை.

"கோவிக்காதியக்கா. அவளுக்கு மேலு சுடுது, இங்க வந்தா மாட்டிக்கிடுவா. அதான் குழாயடி மாதிரி நா வந்து இடத்தப் பிடிச்சேன். டாக்டரம்மா மாத்திரை எழுதித் தந்தா கொண்டுபோய்க் குடுத்திருவேன்" என்றாள். அவள் வரையில் அதில் தப்பே இல்லை.

டாக்டர் கோபப்படவில்லை. "வீடியோ கால் போடு" என்றார். போனில் பேராச்சியைப் பார்த்தோம். கன்னம் எது, கழுத்து எது என்று தெரியவில்லை. வாய்க்குள் ஒரு விரல் நுழையாது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரின் முகம் மாறிவிட்டது. சீழ் கழுத்துக்குள் இறங்குகிறது, ராத்திரிக்குள் மூச்சை அடைத்துவிடும், பெரிய ஆஸ்பத்திரியில் பெட் தேடி அலைய நேரமில்லை, உடனே இங்கே வரச் சொல் என்றார்.

பேராச்சி வர மாட்டேன் என்றுவிட்டாள். "மே மாசம் அடச்சப்ப எல்லா வீட்டு அடுப்பும் அணைஞ்சு கெடந்துச்சு. இப்பத்தான் மாவு ஆட்டுதாவ. என்னால திரும்பவும் அடைக்கணுமா? நா இப்படியே கெடந்து போறேன்." குழறிக் குழறி இவ்வளவுதான் சொன்னாள். போனை வைத்துவிட்டாள்.

டாக்டர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். 'காய்ச்சலை எழுத மாட்டேன், வா' என்றால் வந்திருப்பாள். நானே காதோடு சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பூமாரியிடம், தனக்குத் தெரிந்த தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "நான் பார்ப்பேன். பயம் இல்லை. ஆனா வார்டுக்குச் சொல்வேன். மறைக்க மாட்டேன். உன் ஆளுங்ககிட்ட இதைச் சொல்லிக் கூட்டிட்டு வா."

பூமாரி எழுந்து போனாள். இனி எங்கே வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். பெற்ற தாய்க்குக்கூட யோசிப்பார்கள். ஒரு சந்துக்கே சோறு போகிற விஷயம்.

ஒரு மணி நேரம் இருக்கும். வெளியே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தார்ப்பாயிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிற அந்த ரோட்டில், ஒருத்திக்கும் அடுத்தவளுக்கும் நடுவே இடம் விட்டு, வரிசையாக வருகிறார்கள். சந்துப் பெண்கள் அத்தனை பேரும்! நடுவில் பேராச்சி, தலையோடு துண்டைக் கட்டியிருக்கிறாள். ஒருத்தி ஸ்டூல் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறாள். பேராச்சி தள்ளாடும்போதெல்லாம் ஸ்டூலைப் போட்டுவிட்டு விலகிக்கொள்கிறாள். உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து வந்து சேர்ந்தார்கள்.

பூமாரிதான் பேசினாள். "எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்க்கா. அடைச்சா அடைக்கட்டும். கஞ்சியக் காய்ச்சிக் குடிச்சிக்கிடுவோம். இவ போயிட்டா யார்ட்ட போய்க் கேக்க?"

துப்பாக்கியை வைத்தேன். நூற்று இரண்டைத் தாண்டிவிட்டது.

டாக்டர் பல்லைப் பிடுங்கிச் சீழை வெளியேற்றி முடிக்க வெகு நேரமானது. அத்தனை நேரமும் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லாம் முடிந்ததும் டாக்டர் அவர்கள் முன்னாலேயே வார்டு ஆபீசுக்குப் போன் போட்டார். நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

ஜூலை 10

காய்ச்சல் இறங்கிவிட்டதாம். நீராகாரம் குடித்தாளாம். வார்டு ஆட்கள் வந்து டெஸ்டுக்குச் சளி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அம்மன் துணை.

ஜூலை 12, ஞாயிறு

பாசிட்டிவ்.

பல்லோடு பல்லாக அதுவும் இருந்திருக்கிறது. பேராச்சியைப் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிற கொரோனா சென்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சந்து முனையில் மூங்கில் கட்டியாகிவிட்டது. டாக்டரும் நானும் டெஸ்ட் கொடுத்தோம், இரண்டு பேருக்கும் இல்லை. சந்தோஷப்படத் தோன்றவில்லை. நாங்கள் கூப்பிட்டு, அவர்கள் நம்பி வந்து, கடைசியில் இப்படி ஆகிவிட்டதே. டாக்டர் செய்தது சரிதானா? சரிதான். அது தெரிகிறது. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

ஜூலை 14

பூமாரி போன் செய்தாள். வசவு விழும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். "நாளைக்குப் பேராச்சிக்குக் காயம் பாக்கணும்னு நேரம் குடுத்திருக்கியளே, அவ வர முடியாதுன்னு அந்த எடத்த வேற யாருக்கும் குடுத்திராதிய" என்றாள்.

அடைபட்டுக் கிடக்கிறவள் பேசுகிற பேச்சா இது!

ஜூலை 15, புதன்

டாக்டரிடம் சொன்னேன். "பேஷன்ட் வர முடியாவிட்டால் நாம் போவோம்" என்று பெட்டியை எடுத்துவிட்டார். சென்டரில் அனுமதி வாங்கியிருக்கிறாராம். போனில் சொன்னதும் வீட்டுக்காரர், "உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் நாற்காலி போட்டுப் பேராச்சியை உட்கார வைத்தார்கள். டாக்டர் குனிந்து டார்ச் அடித்துக் காயத்தைக் கழுவினார். நன்றாக ஆறுகிறது. வாய் பாதி திறக்கிறது. முடிந்ததும் பேராச்சி டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "எல்லாரும் என்னய ஏசுதாவளாக்கா?" என்றாள். இத்தனை நாள் வலியைவிட இதுதான் அவளைத் தின்றிருக்கிறது என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டாள். பூமாரிக்கு வீடியோ கால் போட்டுக் கையில் கொடுத்தேன். அந்தப் பக்கம் ஒரே முகமாக நெருக்கியடிக்கிறது.

"ஏ பேராச்சி, அழுதா காயம் பிரிஞ்சிரும், வாய மூடுட்டி" என்று யாரோ அதட்டினார்கள். பூமாரி, "தெரிஞ்சுதான கூட்டிட்டுப் போனோம்? நீ ஒழுங்காத் தின்னுட்டு வந்து சேரு" என்றாள்.

பேராச்சி அழுதாள். டாக்டர் திரும்பி நின்றுகொண்டு பெட்டியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

நான் பத்தாவது வரை படித்தவள். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அந்த ஜனங்களை நேரம் தெரியாதவர்கள், சொன்னால் கேட்காதவர்கள் என்று வாய்க்கு வாய் திட்டுகிறவள். என் சந்தில் இப்படி ஒன்று நடந்தால் நான் அந்த ஸ்டூலைத் தூக்கியிருப்பேனா? தெரியவில்லை. அவர்கள் தூக்கினார்கள். பெரிய மனுஷிகள்.

ஆகஸ்ட் 10, திங்கள்

பேராச்சிக்கு இன்று கடைசித் தடவை காட்ட வேண்டிய நாள். மூங்கிலை அவிழ்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். மற்றபடி சந்துப் பக்கம் எனக்குச் சேதி இல்லை. அவர்கள் மொத்தமாக வந்து நிற்பார்கள், மழை வேறு பெய்கிறதே என்று உள்ளே பெஞ்சுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு வைத்தேன்.

பேராச்சி தனியாக வந்தாள். கையில் குடை. இரண்டு கன்னமும் ஒன்றுபோல் இருந்தன.

சந்து இவளை ஒதுக்கிவிட்டதோ என்று நினைத்தேன். "கூட ஒருத்தரும் வரலியா?" என்றேன்.

"அவளுவளுக்கு ஏதுக்கா நேரம்? எல்லா வீட்லயும் அடுப்பு எரியுது. எனக்கே ஒரு ஈடு இட்லி வெந்துக்கிட்டு இருக்கு, டாக்டரம்மாட்ட சீக்கிரம் பாக்கச் சொல்லுங்க."