சொந்தம் என்று நீர் எழுதிய நான்கு பயணங்கள்

ஆலிலைமேல் கண்வளரும் பெருமானே, எழுதப் புகும் சொல்லில் பொய் கலவாமல் காத்தருள்வாய்.

அன்பரே,

இன்று காலை என் வெள்ளைக் காரை விற்றுவிட்டேன். வாங்கிய சோழபுரத்து விவசாயி, முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிற்றறையைத் துழாவி, அட்டை கிழிந்த நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "இது வேணுமாய்யா, போட்டுரவா?" என்று கேட்டார். வாங்கிப் பிரித்தேன். தாள்களுக்கிடையே காய்ந்த துளசி. கடைசிப் பக்கத்தில் உமது கையெழுத்து.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தரகை நான் முடித்துக்கொண்ட ஆண்டு அது. ஆடிட்டராகிய நீர் மூச்சுத் திணறலால் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலிருந்தே வேலை பார்த்து வந்தீர். தொழிலை மூடும்வரை வண்டி ஓடிய ஓட்டத்தில் தொழிலுக்கானதை மட்டுமே செலவாகக் காட்டலாம், பிற்பாடு வண்டி வீட்டு வண்டிதான் என்றீர். ஓட்டம் எழுதிய நோட்டைக் கேட்டீர். அவ்வாண்டு எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்த்திருந்தேன். அச்செலவு வருமானத்தில் கழியாவிட்டால் என் சேமிப்பில் பெரும்பகுதி வரிக்கே போய்விடும்.

நோட்டிலோ என் வழக்கமே எனக்குப் பகையாகியிருந்தது. சரக்கு மாதிரியோடு உமதூருக்கு வரும்போதெல்லாம் முதலில் கோயிலுக்குச் செல்வேன். வெளியே வந்ததும் 'பெருமாள் சேவை' என்று எழுதுவேன். இறைவன் பெயருக்குக் கீழே வியாபாரத்தை எழுத மனம் கூசும். ஆகவே அதன்பின் ஏறி இறங்கிய மருந்துக் கடைகளை ஒருநாளும் எழுதவில்லை. நோட்டைப் பார்ப்பவருக்கு நான் ஆண்டு முழுவதும் தல யாத்திரை போனவனாகவே தெரிவேன்.

அஞ்சிப்போய்ப் புது நோட்டு ஒன்றை ஒரே அமர்வில் எழுதி நிரப்பிக்கொண்டு உம்மிடம் வந்தேன். நீர் நாலு தாள் புரட்டினீர்.

"எல்லாத் தேதிக்கும் ஒரே பேனா. டீசல் கறை ஒண்ணையும் காணோம். பழசு எங்க வே?"

வண்டியில் கிடப்பதாகச் சொன்னேன். கடிந்துகொள்ளவில்லை நீர். மேசைமேலிருந்த வேதப்புத்தகத்தைச் சற்றே நகர்த்தி இடம் செய்து, "அதைக் கொண்டாரும். உம்ம பெருமாளைச் சாட்சிக்குக் கூப்புட்டுப் பாப்போம்" என்று சிரித்தீர்.

மூன்று பிற்பகல்கள் அமர்ந்தோம். கடைக்காரர்கள் கையொப்பமிட்ட ஆர்டர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, நோட்டின் தேதியோடு ஒத்துப் பார்த்தீர். சீட்டு இருந்த நாள் தொழில். இல்லாத நாள் சொந்தம். செண்பகத்தோப்புக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்றதை நானே சொந்தம் என்றபோது, "தேறிட்டீரு" என்றீர். எஞ்சின் செலவில் பாதிக்குச் சற்று மேல் தேறியது.

எஞ்சியவை கடைசிப் பக்கத்து நான்கு தேதிகள். அவற்றுக்குச் சீட்டில்லை, நோட்டில் உமது தெருப்பெயர் மட்டும் இருந்தது. முன்பு நீர் படுக்கையில் கிடந்தபோது நான் வந்த நாட்கள் அவை. ஆடிட்டரைப் பார்க்கப் போனது தொழில்தானே என்றேன்.

"கணக்குப் பாக்கவா வந்தீரு?"

ஒவ்வொரு முறையும் இளநீர் வாங்கிக்கொண்டு வந்து, ஒரு தாளையும் பிரிக்காமல், உமது கட்டிலருகே அமர்ந்திருந்துவிட்டுத் திரும்பியிருந்தேன். நீரே பேனாவை எடுத்து நான்கிற்கும் எதிரே 'சொந்தம்' என்று எழுதினீர். நோயிலும் உமது எழுத்து கோணவில்லை.

வரியைக் கட்டினேன். அடுத்த மாதம் நீர் கர்த்தரிடம் சேர்ந்தீர்.

நாளை பேருந்தில் உமதூருக்கு வருகிறேன். சேவை முடிந்ததும் உமது வீட்டம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். எழுதிவைக்க இனி அவசியமில்லை. ஆயினும் நோட்டை மடியில் வைத்திருப்பேன். எதற்காகப் புறப்பட்டோம் என்று நீர் கேட்ட கேள்வி, வாசற்படி தாண்டும்போதெல்லாம் என்னோடு வருகிறது.

உமது இல்லத்திலும், இதை வாசிப்போர் இல்லங்களிலும் உடல்நலமும் உண்மையும் குறைவின்றி நிலைக்க, எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.