செயின் பக்கம் நின்றவர்

நெய்வேலி, பிளாக் 21
12.9.1999

மதிப்பிற்குரிய பெனடிக்ட் அவர்களுக்கு,

ஜெயசெல்வி எழுதுகிறேன். நிச்சயமான பெண் மாப்பிள்ளைக்குத் தனியாகக் கடிதம் போடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கடிதங்களை உங்கள் அக்கா லிடியாதான் விலாசம் எழுதி அனுப்புகிறார்கள். அவர்களிடம் அந்த விலாசம் கேட்பதற்கே எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பூசை முடிந்ததும் அவர்கள் பக்கத்தில் போய் நிற்பேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா, தெரியவில்லை. அவருக்கு நீங்கள் போடும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுகிறேன். முதல் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்காருவார். "நான்காம் எண் பாதை, முப்பத்தெட்டு கிலோமீட்டர், தொள்ளாயிரம் மீட்டர் ஏற்றம்" என்று நான் மூச்சு வாங்கினால், "நிறுத்தாத, படிச்சிக்கினே இரு" என்பார். பக்கத்து குவார்ட்டர்ஸ் தெய்வசிகாமணி மாமாவிடம் போன வாரம், "ஆல்ப்ஸ் மலையில எம் மருமவன் மொதல்ல ஓட்டிப் பாத்து அளந்து குடுத்தாத்தான் வெள்ளக்காரனே சைக்கிள எடுப்பான். என்ஜினியருன்னா சும்மாவா?" என்றார். மாமா, "மிதிக்கிற மிதிய மைன்ஸ் கன்வேயர்ல மாட்டச் சொல்லு, கரண்ட்டாவது மிச்சமாவும்" என்றார்.

நானும் தினமும் சரளை ரோட்டில்தான் சைக்கிள் ஓட்டுகிறேன். கம்மாபுரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை. பழைய ரோட்டைச் சுரங்கம் எடுத்துக்கொண்டதால் சுற்று வழி, ஒன்பது கிலோமீட்டர். அதற்கே உள்ளங்கை மரத்துப்போகிறது. பல்லில் மண் கடிபடுகிறது. கண்ணைத் தரையிலிருந்து எடுக்க முடியாது. உங்கள் கடிதங்களில் திராட்சைப் பந்தல் வருகிறது, பனிமலை வருகிறது. தரை மட்டும் வருவதே இல்லை.

சரளைச் சரிவில் இறங்கும்போது எந்த பிரேக்கை முதலில் பிடிப்பீர்கள்? சும்மாதான் கேட்கிறேன். பதிலைப் பள்ளி விலாசத்துக்குப் போடவும்.

இப்படிக்கு,
ச. ஜெயசெல்வி


வட இத்தாலி
28.9.1999

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சந்தோஷம். மாப்பிள்ளைக்கு வைவா பரீட்சை வைக்கிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன். யார் உனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

பிரேக் இரண்டையும் சேர்த்துத்தான் பிடிப்பேன். உனக்காக ஏழாம் எண் பாதையை எழுதுகிறேன். ஆற்றங்கரையில் தொடங்கி, கற்சுவர் எழுப்பிய படிக்கட்டுத் திராட்சைத் தோட்டங்களின் ஊடே வளைந்து ஏறி, ஊசியிலைக் காட்டைக் கடந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரியும். களைப்பை மறந்து இயற்கையின் மடியில் இளைப்பாறலாம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நடுத்தரப் பயிற்சி உள்ளவர்களுக்கு ஏற்றது.

இப்போது திராட்சை அறுவடை. வழியெல்லாம் சந்து மாதிரி. எதிரே பழம் ஏற்றிய டிராக்டர் வந்துவிட்டால் நூறடி பின்னாலேயே எடுத்துத்தான் ஒதுங்க வேண்டும். திரும்பித் திரும்பிப் பார்த்து எனக்குக் கழுத்தே பிடித்துக்கொண்டது.

போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். புது சைக்கிள். பத்திரமாக வைத்துக்கொள்.

அன்புடன்,
பெனடிக்ட்


நெய்வேலி
14.10.1999

அன்புள்ள பெனடிக்ட் அவர்களுக்கு,

போட்டோவைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

நீங்கள் செயின் பக்கம் நிற்கிறீர்கள். வெள்ளைப் பேண்ட்டில் ஒரு கறை இல்லை. எங்கள் பள்ளியில் நாலாம் வகுப்புப் பிள்ளைகூட சைக்கிளுக்கு இடது பக்கம்தான் நிற்கும். தள்ளுவதும் அந்தப் பக்கம், ஏறுவதும் அந்தப் பக்கம். ஷிப்ட் விடும்போது மைன்ஸ் கேட்டில் வருகிற அத்தனை பேரையும் மனதுக்குள் பார்த்துவிட்டேன், ஒருவர்கூட செயின் பக்கம் நிற்கவில்லை.

அடுத்தது டிராக்டர். சைக்கிளில் போகிறவர் எதற்கு நூறடி பின்னால் எடுக்க வேண்டும்? காலை ஊன்றிச் சுவர் ஓரம் சாய்ந்தால் போதாதா?

எங்கள் பள்ளியில் அம்சவல்லி டீச்சர் இருக்கிறார்கள். அவர்கள் தங்கைக்கு மஸ்கட் மாப்பிள்ளை பார்த்து, கல்யாணமும் ஆகி, பிறகுதான் அங்கே அவருக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது தெரிந்தது. "அவரும் லெட்டர் அழகாத்தான் எழுதுவாரு செல்வி. அழகா இருந்தா இன்னொரு தடவ படி" என்றார்கள். படித்தேன். "நடுத்தரப் பயிற்சி உள்ளவர்களுக்கு ஏற்றது" என்று எந்த மனிதர் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு எழுதுவார்?

கேட்டுவிடுகிறேன். அங்கே நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்? உங்களோடு வேறு யாராவது இருக்கிறார்களா? இந்தக் கடிதங்களை எழுதுவது நீங்கள்தானா?

ஜெயசெல்வி


வட இத்தாலி
5.11.1999

செல்வி,

வேறு யாரும் இல்லை. சைக்கிளும் இல்லை. அது வாடகைக்கு விடுகிற சைக்கிள், போட்டோவுக்குப் பிடித்துக்கொண்டேன்.

சைக்கிள் சுற்றுலா நடத்துகிற கம்பெனியில் நான் வேன் ஓட்டுகிறேன். விருந்தினர்கள் காலையில் சைக்கிளில் கிளம்பியதும் அவர்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய் அடுத்த ஊர் விடுதியில் இறக்க வேண்டும். ஒரு பெட்டி முப்பது கிலோ இருக்கும். பாதி விடுதிகளில் மாடி ஏற்ற வேண்டும். அறுவடைக் காலத்தில் ரோட்டில் நசுங்கிய திராட்சையின் புளிப்பு வாடை வேனுக்குள் நாள் முழுக்க இருக்கும், குளவி வந்து கண்ணாடியில் முட்டும். அந்தப் பாதைகளை எல்லாம் நோட்டீசில் பார்த்துத் தமிழில் எழுதினேன்.

எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. பத்து வயதில் கிரவுண்டில் பழகும்போது விழுந்தேன். சுற்றி நின்று சிரித்தார்கள். பள்ளிக்குக் கம்பெனி பஸ் இருந்தது, தப்பித்துக்கொண்டேன். நெய்வேலியில் பிறந்தவன் இதை யாரிடம் சொல்வான்?

டிப்ளமோவிலும் இரண்டு பேப்பர் பாக்கி. அக்கா "சைக்கிள் கம்பெனியில் வேலை" என்றுதான் சொன்னாளாம். உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் என்ஜினியர் ஆகிவிட்டேன். மாமா, அதான் உன் அப்பா, அனுப்பிய முதல் கடிதத்தில் நீ அவர் சொல்லச் சொல்ல எழுதியிருந்தாயே, "எங்கள் குடும்பத்தில் முதல் என்ஜினியர்" என்று. அதற்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாமாவிடம் இப்போது சொல்லாதே. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை மூன்றும் வாசித்து, கல்யாணம் முடியட்டும். பிறகு நானே பக்குவமாகச் சொல்கிறேன். அதுவரை எப்போதும்போல் படித்துக் காட்டு. மாமா பெயருக்கு ஒன்பதாம் எண் பாதையை எழுதித் தனிக் கடிதமாகப் போட்டிருக்கிறேன்.

பெனடிக்ட்


நெய்வேலி
24.11.1999

அன்புள்ள பெனடிக்ட் அவர்களுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. பள்ளிக்கு வந்ததை மதியம் வேப்பமரத்தடியில் படித்தேன். வீட்டுக்கு வந்ததை இன்னும் பிரிக்கவில்லை. அப்பா குளித்துவிட்டுத் துண்டோடு உட்கார்ந்தார். "கண் வலிக்குதுப்பா, நாளைக்குப் படிக்கிறேன்" என்றேன். அப்பாவிடம் நான் சொன்ன முதல் பொய் அதுதான். ஐந்து நாளாக அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்துவிட்டார். ஒன்றும் இல்லாத கண்ணில் அவரே விட்டுவிட்டார்.

டிராக்டருக்காக வண்டியைப் பின்னால் எடுத்து, கழுத்துப் பிடித்துக்கொண்டது என்று எழுதினீர்களே. என்னைச் சந்தேகப்பட வைத்தது அது. ஆனால் அதுவரை வந்த எல்லாக் கடிதங்களிலும் நீங்கள் கண்ணால் பார்த்து எழுதியது அந்த இரண்டு வரிதான் என்று இப்போது தெரிகிறது. போன கடிதத்தில் வந்த குளவியும் அப்படித்தான். அதை நாலு தடவை படித்தேன்.

வேன் ஓட்டுவது எனக்குக் குறைச்சல் இல்லை. அப்பா இருபத்தாறு வருஷம் கன்வேயருக்கு அடியில் கரி அள்ளியவர். சைக்கிள் நானே சொல்லித்தருவேன். சாயங்காலம் பிளாக்குக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இருக்காது. ஆனால் ஓலை முடிகிற வரை பொறு என்கிறீர்கள். அந்தப் பொய்யை அப்பா உங்கள் வாயால் கேட்கவில்லை, என் வாயால் கேட்டார். என்னைப் படிக்க வைத்தது அதற்காக இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு சொல்ல இன்னும் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்றும் ஒரு நினைப்பு ஓடுகிறது. அதை என்னால் நிறுத்த முடியவில்லை.

ஜனவரி 2, 9, 16. மூன்று ஞாயிறும் ஓலை வாசிப்பார்கள். உங்கள் பெயரையும் என் பெயரையும் சொல்லிவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று ஃபாதர் கேட்பார். வேலையைப் பற்றிய பொய் தடையில் சேருமா என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு எழுதுங்கள். வேன், பெட்டி, இரண்டு பேப்பர், கிரவுண்டில் விழுந்தது எல்லாம். கிறிஸ்துமசுக்குள் வந்துவிட்டால் ஒரு வார்த்தை விடாமல் நானே படித்துக் காட்டுவேன். அவர் கோபப்படுவார், கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகும் அவர் சம்மதித்தால் எனக்கும் சம்மதம்.

இன்னொன்று. இதை எழுத வேண்டாம் என்றுதான் இவ்வளவு நேரம் இருந்தேன். கோயிலில் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் தூண் ஓரம் உட்காருகிறவள் நான். இதுவரை ஒரு வாசகம் வாசிக்கக்கூட எழுந்ததில்லை. அன்றைக்கு ஃபாதர் கேட்கும்போது என்னை எழுந்து நிற்க வைத்துவிடாதீர்கள்.

ஜெயசெல்வி