நல்ல அவசரம்

ஜூன் 19, வியாழன்

நாலு வருஷப் பட்டப்படிப்பை நாமே அமைச்சுக்கலாம்னு காலேஜ்ல சொன்னதிலிருந்து, ஒரு வாரமா இந்த நோட்டிலேயே எழுதி எழுதி அடிச்சேன். கடைசியில முடிவு பண்ணினது: புவியியல் மேஜர், சங்கீதம் ஒரு மைனர், மலையாளம் இன்னொரு மைனர்.

இன்னிக்கு மத்தியானம் எந்தெந்தப் பாடம் வேணும்னு கேட்க, காலேஜ் சார் விண்ணப்பத்திலிருந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கார். அது அம்மாவோட நம்பர். "மோள்க்கு இஷ்டமுள்ள விஷயம் எடுக்கான் நல்ல அவசரமாணு"ன்னு மலையாளத்துல சொல்லியிருக்கார். மகளுக்குப் பிடிச்ச பாடம் எடுக்க நல்ல வாய்ப்புன்னு அர்த்தம்; மலையாளத்துல அவசரம்னா வாய்ப்பு. பழவங்காடி கோயில் முன்னாடி தேங்காய் வித்துக்கிட்டிருந்த அம்மா காதுல விழுந்தது அவசரம் மட்டும்தான்.

"சீட்டு போயிருமோன்னு பயந்துட்டேன் ஏட்டி. வேலை கிடைக்கிற மாதிரி எல்லாத்துலயும் கம்ப்யூட்டரே போட்டுருங்க சாருன்னு சொல்லிட்டேன்"னா. ஓடிபியும் சொல்லிட்டா. சாருக்கு போன் பண்ணிக் கேட்டேன். இனி மாத்த முடியாதாம்.

கத்தத்தான் வாயெடுத்தேன். நார் ஒட்டின கையைக் கழுவிட்டு வந்து எனக்குச் சோறு போட்டுக்கிட்டே, "நல்லவேளை நான் போனை எடுத்தேன், பாத்தியா?"ன்னு சிரிச்சா. ஆமாம்மான்னு சொன்னேன்.

பதினேழு வயசுல அவ கல்யாணமும் அவசரமாத்தான் முடிஞ்சுதாம். அந்த வார்த்தைக்கு இந்த மலையாள ஊர்ல வேற அர்த்தம் இருக்குன்னு இப்போ சொன்னா அவ தாங்க மாட்டா. சொல்லாம நாலு வருஷம் நான் எப்படி இந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கப் போறேன்?