செல்வி தலையைத் தூக்கிப் பார்த்தது

12-6-96, புதன்

காலையிலிருந்து சாரல். துவைத்த துணி அப்படியே ஈரம்.

மருமகள் செல்வியைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஒரு மாதமாகத் தலைவலி, வாந்தி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதாம். மாசமாக இருக்கிறாளோ என்று நான் சந்தோஷப்பட்டது வேறு. டாக்டரம்மா அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, "தலையை ஆட்டாம என்ர விரலைப் பாருங்க" என்றார். விரல் மேலே போனது. கண் போகவில்லை.

"மேல பாக்கோணும்னா தலையைத் தூக்குவீங்களா?"

"ஆமாங்க."

எனக்குச் சுருக்கென்றது. போன வாரம் எங்கள் வீட்டுக்குப் பெரிய மாமா வந்தபோது மோவாயைத் தூக்கிக்கொண்டு பேசினாள். அவள் பிறந்த ஊரைச் சொல்லி, "தாராபுரத்துத் திமிரு" என்று சமையல்கட்டில் திட்டினேன். மாமா ஆறடி. அவர் முகத்தைப் பார்க்கத் தூக்கியிருக்கிறாள், பாவி நான். அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

14-6, வெள்ளி

ஸ்கேன். மூளைக்கு நட்டநடுவில் பீனியல் என்றொரு சுரப்பி, பட்டாணியை விடச் சிறிசாம். அதில் கட்டி. மகன் சுவரில் சாய்ந்துவிட்டான். அவள்தான் கேட்டாள்: "ஆபரேசன் முடிஞ்சா எங்க ஊட்டு ஆளுகளை அடையாளம் தெரியுமுங்களா?"

டாக்டர் ஒளிக்கவில்லை. "உறுதியாச் சொல்ல முடியாதுங்க. விட்டா உசுருக்கு ஆபத்துங்க."

"செஞ்சுபோடுங்க."

இந்தத் தைரியம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

19-6, புதன்

பின்மண்டை மழித்தாயிற்று. உட்கார வைத்துத்தான் ஆபரேஷனாம். "ஏனுங்கத்தை, காங்கேயம் பஸ்ஸுல கெடைக்காத சீட்டு இங்க கெடச்சிருக்குது" என்று சிரிக்கிறாள்! திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

20-6, வியாழன்

ஏழு மணி நேரம். காபி நாலு, சோறு இல்லை. எடுத்துவிட்டார்கள். இன்னும் விழிக்கவில்லை.

22-6, சனி

விழித்திருக்கிறாள். யாரிடமும் பேச்சில்லை. மகன் பேர் சொல்லிக் கூப்பிட்டும் வெறுமனே பார்க்கிறாள். கண் மேலே போக மாதக்கணக்காகுமாம், போகாமலும் இருக்கலாமாம்.

கட்டிலருகில் நின்றேன். என் முகம் பார்க்கத் தலையைத் தூக்கப் பார்த்தாள், கட்டு இழுத்து முகம் சுளித்தாள். தாங்கவில்லை. அவள் கண்ணுக்கு நேராக இருக்கட்டும் என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "முட்டி வலிக்குமுங்கத்தை. ஸ்டூல்ல உக்காருங்க."

"ஸ்டூல் உசரம், கண்ணு" என்றேன்.