கேட்காமல் வெட்டிய கொண்டை

போதும் அப்பா, நீங்கள் போனபின் இவ்வளவு காலம் நான் வாய் திறக்காமல் இருந்தது.

இன்று மத்தியானம், நீங்கள் இருந்த அதே முதியோர் இல்லத்துக்குப் போனேன். முதுகு காட்டி இருந்த ஒரு கிழவியின் கட்டிலைக் கடந்துபோய் அம்மாவைத் தேடினேன். திரும்பிப் பார்த்தால் அவர்தான் அம்மா. கொண்டையைக் காணவில்லை. பிடரியோடு ஒட்ட வெட்டியிருந்தார்கள். பூசைக்குப் போகாத நாளிலும் எண்ணெய் வைத்துத் தன் கையாலேயே முடிந்துகொள்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். குளிப்பாட்ட வசதி என்றாள் அங்கு வேலை செய்யும் பிள்ளை. அம்மாவிடம் கேட்டீர்களா என்றேன். சிரித்தாள்.

"அம்மம்மாவுக்கு இனி என்னத்துக்கு ஸ்டைல்?"

அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். உங்களுக்கு மீனில் முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, கரண்டியால் ஊட்ட வந்தபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். பள்ளிமுனையில் வள்ளம் வைத்திருந்த மனிதர் நீங்கள். ஓரா மீனை வாயில் போட்டு, பேச்சை நிறுத்தாமலே முள்ளை உதட்டோரத்தால் எடுப்பீர்கள். "பல்லுத்தான் போனது மகன், கை கிடக்குத்தானே" என்று என்னிடம் சொல்லித் தட்டைத் தள்ளிவைத்தீர்கள்.

அன்றே இல்லத்தின் பொறுப்பாளரிடம் போனேன். கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார். முள் தொண்டையில் சிக்கினால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அடுத்த முறை வந்தபோது உங்கள் ஊன்றுகோல் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. விழுந்துவிடுவீர்களாம். பின்னேரத்தில் வாசல் கேற்றடிவரை நடந்து, கரைக்கு வரும் வள்ளங்களைப் பார்ப்பது அத்தோடு நின்றது. பிறகு, நடக்கக்கூடிய மனிதருக்குப் பம்பர்ஸ் கட்டினார்கள். அதையும் கேட்டேன், உங்களைப் பார்க்க வரும் நேரத்தைக் குறைத்தார்கள். "அங்க அப்பா பாதுகாப்பா இருக்கிறார், நீ ஏன் அவையளோட சும்மா கொழுவுறாய்?" என்று கனடாவிலிருந்து அண்ணன் சொன்னதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

மாரிமழை முடியுமுன் நீங்கள் போய்விட்டீர்கள். அடக்கத்தன்று அதே பொறுப்பாளர் என் தோளைத் தட்டி, கரைச்சல் தராத மனிதர் என்று உங்களைப் பாராட்டினார்.

இடுப்பு முறிந்த அம்மாவை வேறெங்கே வைப்பேன்? தனி ஆள் நான். வேலைக்குப் போனால் பகலில் வீட்டில் யாருமில்லை.

இன்று நான் எழும்பிப் பொறுப்பாளரின் அறைப்பக்கம் திரும்பியதும் அம்மா என் சட்டையைப் பிடித்தார். வாசலைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்:

"ஒண்டும் கேட்டுப்போடாத மகன். நீ போயிடுவாய். நான் இவையளோடதான் இருக்கவேணும்."

கழிப்பறைக்குப் போகவும் அம்மாவுக்கு அவர்கள் கை வேண்டும். கூப்பிட்டால் வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். வேலை செய்யும் கந்தோரில் பெரியவர்களோடு வாதாடிப் பெயர் கெட்டவன் நான். இன்று அந்தப் பிள்ளையிடம், "நல்லாப் பாத்துக்கொள்ளுங்கோ, நன்றி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவின் அந்தப் பயத்தைத்தான் இப்போது சுமந்துகொண்டிருக்கிறேன் அப்பா.

உங்களுக்கு எழுதிய இதை இல்லத்தின் நிருவாகசபைக்கு அனுப்பப்போகிறேன். நீங்கள் யார், அம்மா யார் என்று காட்டிக்கொடுக்கும் ஒவ்வொன்றையும் வெட்டிவிடுவேன். வெட்டியபின் மிஞ்சுவது, எதைச் செய்யுமுன்னும் அங்கே இருக்கும் முதியவர்களிடம் கேளுங்கள் என்ற ஒன்றுதான். என் கையெழுத்து இல்லத்தாருக்குத் தெரியும். ஆகவே தட்டச்சு செய்வேன். உறையில் நம் மன்னார்த் தபால் முத்திரையும் வேண்டாம், வவுனியாவில் தபாலில் போடுகிறேன். கீழே பெயர் இருக்காது.