பெடலில் கட்டிய பட்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நலம்தானே என்று கேட்டுத் தொடங்கக் கை வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், நீயும் அந்த அளவுக்காவது இருந்தால் போதும்.

நேற்று போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. அம்மா பதினொரு மணிக்கே இறந்துவிட்டாள், ஆனால் என் போனில் மாலை நான்கு வரை நடந்துகொண்டே இருந்தாள், அவள் நடையை எண்ண நான் செய்த பட்டி பொய் சொல்லியிருக்கிறது, அதை நம்பித்தான் ஏமாந்துபோனேன், இனி அந்த வேலையே வேண்டாம் என்றாய். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். பட்டி பொய் சொல்லவில்லை கண்ணு. பொய் சொன்னது நான்.

உன் கம்பெனியில் நீ செய்த அந்தப் பட்டி பார்சலில் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். ரப்பர் போல மெல்லிசு, முழங்காலில் கட்டி நடந்தால் மடங்க மடங்க அதுவே கரண்ட் செய்துகொள்ளும், பேட்டரி வேண்டாம், எத்தனை அடி என்று என் போனில் தெரிந்துவிடும் என்று விளக்கினாய். இத்தன வருஷம் நான் மடக்குன முழங்காலுக்கு ஊருக்கே லைட் எரிஞ்சிருக்கும்டி என்றாள் அம்மா. நின்றபடியே வேலை செய்தால் காலில் ரத்தம் கட்டும், தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், நீ அனுப்பியதும் அதற்காகத்தான். ஆனால் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் எங்கள் சலவைக்கூடத்தில் அவள் பத்து மணி நேரம் இஸ்திரி மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருவாள். வந்ததும் நீ கூப்பிடுவாய், ஏம்மா இன்னிக்கு இருநூறு அடிதான் என்பாய். நாளைக்கு நடக்கிறேன்டி என்று போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவாள், நின்னே உயிர் போகுது, நடக்க வேற சொல்றா உம் பொண்ணு. ஒரு ஸ்டூலாவது கொடுங்கள் என்று நான் சூப்பர்வைசரிடம் இரண்டு தரம் கேட்டேன். உக்காந்தா தூக்கம் வரும்யா, போய் ஈரத்துணிய ஏத்து என்றான்.

அப்புறம்தான் அந்தப் பட்டியை அவள் மெஷினின் கால்பெடலுக்குக் கீழே, மடங்கி நிமிரும் இரும்புக் கையில் கட்டினேன். அவள் பெடலை மிதிக்க மிதிக்க அது ஒவ்வொரு மிதியையும் ஓர் அடி என்று எண்ணிக்கொண்டது. அன்று மாலை நீ ஆறாயிரம் அடியா, கலக்குறம்மா என்று கத்தினாய். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இரண்டு மாதம் அவிழ்க்காமல் விட்டேன். கடைசி வாரம் இடது கால் வீங்கியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் போகலாம் என்றேன். அவள் விழுந்தது வெள்ளிக்கிழமை. இருநூறு அடி என்று உனக்குத் தெரிந்திருந்தால் சண்டை போட்டாவது முன்பே அவளை டாக்டரிடம் அனுப்பியிருப்பாய்.

நான் அவளைத் தூக்கி வாசலில் கிடத்தினேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் சூப்பர்வைசர் துணி மடிக்கும் பெண்ணைக் கூப்பிட்டு அந்த மெஷினில் நிறுத்திவிட்டான், நாலு மணிக்கு விரிப்பு எடுக்க ஆஸ்பத்திரி வண்டி வந்துடும், மெஷின நிறுத்தாதீங்க என்று. அந்தப் பெண் அழுதுகொண்டே பெடலை மிதித்தாள். உன் போனில் நடந்தது அதுதான். நோயாளிகள் படுக்க விரிப்பு தேய்த்தவளுக்கு உட்கார ஒரு ஸ்டூல் இல்லை.

என்னைத் திட்டு, பேசாமல்கூட இரு. வேலையை மட்டும் விடாதே. எத்தனை அடி நடந்தார்கள் என்று கேட்கிற நீயும் உன்னோடு வேலை செய்கிறவர்களும், எத்தனை மணி நேரம் நிற்க வைத்தார்கள் என்றும் கேட்கிற மாதிரி ஒன்று செய்யுங்கள்.

பட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னாய், அனுப்ப மனம் வரவில்லை. அவிழ்த்து வந்து என் முழங்காலில் கட்டியிருக்கிறேன். இன்று மாலை உன் போனில் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று வந்திருக்கும், அது நான்தான். நடுவில் இரண்டு தரம் நின்றுபோயிருக்கும், வழியில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. வேலையில் நிற்காதே, உட்கார்ந்து செய்.

உன் அப்பா