வலது கன்னம்

ஜூன் 8, ஞாயிறு

தாரியோ தான் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணை இன்றுதான் முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்தான். யமிலா. அடுப்பில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. "அத்தை!" என்று வேகமாக வந்தவள், இங்கே எல்லாரும் செய்கிறபடி என் வலது கன்னத்தில் முத்தம் கொடுக்கக் குனிந்தாள். நான் பிடித்துத் தள்ளிவிட்டேன். அவள் கொண்டுவந்த கேக் தரையில் விழுந்து நசுங்கியது.

"பொண்ணைப் பிடிக்கலைன்னா வாயால சொல்லும்மா!" என்று மகன் கத்தினான்.

பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன். சே, என்ன பிறவி நான்!

ஜூன் 9

ஏன் சொல்லவில்லை? கன்னத்து வலியைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். நாலு மாதமாக அந்தப் பக்கம் முகம் கழுவவில்லை, பல் தேய்க்கவில்லை. தண்ணீர் பட்டாலே கரண்ட் அடிக்கிறது. பைசாந்து ஊர்ப் பெண்களுக்கெல்லாம் முகம் துடைத்துப் பளபளப்பாக்கி அனுப்புகிற பார்லர்க்காரி நான். என் வாய் நாறுகிறது.

ஜூன் 17

மாத்திரையில் தலை சுற்றுகிறது. வலி அப்படியே இருக்கிறது.

ஜூன் 26

மொந்தேவிதேயோ ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயதுப் பெண். முகத்து நரம்பை ஒரு ரத்தக்குழாய் அழுத்துகிறதாம். கன்னம் வழியாக ஊசி விட்டு நரம்பைச் சுடலாம். கன்னம் மரத்துப்போகும், வலி சில வருடத்தில் திரும்பவும் வரலாம். கதிர்வீச்சு கொடுக்கலாம், பலன் தெரிய மாதக்கணக்கில்கூட ஆகும். இல்லையென்றால் காதுக்குப் பின்னால் மண்டையோட்டைத் திறந்து, குழாயை விலக்கி, நடுவில் மெத்தை மாதிரி ஒன்றை வைக்கலாம். அது நீண்ட நாள் நிற்கும். ஆனால் காது போகலாம், உயிருக்கே ஆபத்தும் வரலாம்.

"ஊசியே போடுங்க. மரத்துப்போனா போகட்டும்."

"யாராவது முத்தம் குடுத்தாக்கூடத் தெரியாது. பரவாயில்லையா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்ப தலையையே திறந்திருங்க," என்றேன்.

ஜூலை 1

தாரியோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "யமிலாகிட்ட நான் பேசட்டாம்மா?"

வேண்டாம் என்றேன். அழுக்குப் பிடித்தவள் என்று அவளுக்குத் தெரிவதைவிடத் திமிர் பிடித்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஜூலை 19

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். முகம் கழுவினேன். இரண்டு பக்கமும். வெறும் தண்ணீர்தான், ஒன்றும் செய்யவில்லை! காதும் கேட்கிறது. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

யமிலா வந்தாள். எட்ட நின்று கையை நீட்டினாள். "நல்லாருக்கீங்களா, சென்யோரா?"

'அத்தை' போய், யாரோ மூன்றாம் மனுஷியைக் கூப்பிடுகிற மாதிரி. கூனிக் குறுகிப் போனேன். அவள் நீட்டிய கையைப் பிடித்த நான் விடவில்லை. "உன்னைப் பிடிக்காம இல்லம்மா. கன்னத்தைத் தொட்டாலே உயிர் போச்சு. மாசக்கணக்கா அந்தப் பக்கம் கழுவலை, பல்லுகூட விளக்கலை. கிட்ட வந்தா உனக்கு நாறுமேன்னு இருந்தது." ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்து அடுப்பைச் சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும்.

"இப்ப தொட்டா வலிக்குமா?" என்றாள்.

"தெரியலை. பயந்துக்கிட்டு யாரும் இன்னும் முத்தம் குடுத்துப் பாக்கலை."

அவள் கொடுத்தாள். கொஞ்சம் சத்தமாகவே.